பரலின் மற்றப் பாதி

தண்ணீரூற்று,
16.07.2024

அன்பின் ரஜி,

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. எங்கள் வீட்டுப் போன் போன கிழமை கிணற்றுக்கட்டிலிருந்து விழுந்தது. அன்றிலிருந்து லவுட்ஸ்பீக்கரில் போட்டால்தான் அதில் சத்தம் வருகிறது. நீ ஹலோ என்றால் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் மாமிக்கும் கேட்கும், பக்கத்து வளவு ஆட்டுக்கும் கேட்கும். நான் சொல்லப்போவதோ மாமி கேட்கக் கூடாத கதை. அதனால் பரந்தன் பஸ் கண்டக்டர் சுஜிதனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போகும்போது மீன் வியாபாரி மஸாஹிர் அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். பதிலையும் அதே வழியில் அனுப்பு.

கடற்கரையில் ஞாயிறு மாலைகளில் சாப்பாட்டுக் கடை போடப் பிரதேச சபை இடம் பிரித்துக் கொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? குலுக்கலில் எனக்கு ஒரு இடம் விழுந்திருக்கிறது. என் பெயரில், ரஜி. இவருடைய பெயரில் அல்ல. புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் எல்லாம் வாப்பாவின் பெயரில், கலியாணம் கட்டிய பிறகு இவருடைய பெயரில். முதன்முதலாக ஒரு இடத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஓகஸ்ட் 18 ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து திறக்க வேண்டும். அன்றைக்குத் திறக்காதவரின் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

மாமிக்குக் கடை போடுவதில் எதிர்ப்பில்லை. அடுப்பில்தான் இழுபறி. வவுனியாவிலிருக்கும் என் மச்சாள் றுக்ஷானா பளபளவென்ற ஒரு பாபிகியூ அடுப்பின் படத்தை அனுப்பிவிட்டாள். மூடியில் வெப்பமானி, அடியில் உருட்டிப் போகச் சில்லு. மாமிக்கு அந்தச் சில்லில் கண். இல்லை, என் கூட்டாளி செய்து தருவாள் என்று நான் சொன்னேன். "பொம்புளப் புள்ள ஒட்டின இரும்ப நம்பி நெருப்பு வைக்கிறதா?" என்று மாமி கேட்டா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடையில் விற்பதைவிடத் திறமாகச் செய்வாள் என்று வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். இப்போது என் மானம் உன் கையில்.

கிளிநொச்சிப் பயிற்சி விடுதியில் ஒரே அறையில் இருந்தபோது, நீ ஓட்டை போட்ட பெயின்ற் வாளியில் கோழி சுட்டுத் தின்றோமே, நினைவிருக்கிறதா? இதைப் பெரிதாகச் செய்தால் இரண்டு பேரும் பிழைத்துவிடலாம் என்று சொன்னவள் நீ. இரும்பு உன்னுடையது, மசாலா என்னுடையது, வருவது பாதி பாதி. இடுப்பளவு உயரம் வை. கடற்கரை மணலில் கால் புதையும், அதையும் யோசி. காற்றுக்குப் பின்பக்கம் ஒரு மறைப்பு வேண்டும்.

பரீனா

விசுவமடு,
19.07.2024

பரீ,

உன் மாமியிடம் சொல், நான் ஒட்டிய இரும்பைக் கழற்றுவதற்கும் நான்தான் போக வேண்டும்.

செய்து தருகிறேன். கேட்டதும் ஓம் என்று சொன்னதாக நினைத்துக்கொள். ஆனால் எனக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பது உனக்குத் தெரிய வேண்டும். இரும்பு ஒட்டும் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்து எவ்வளவு காலமாயிற்று? இன்றைக்கும் எனக்கு வருவது சைக்கிள் ஸ்ராண்டும் மண்வெட்டிக் காம்பும்தான். கேற்று வேலை ஒன்று தாருங்கள் என்றால், "ஆம்பிளையள் ஆரும் கூட நிப்பினமோ பிள்ளை?" என்று கேட்கிறார்கள். நான்கு பேர் கூடும் இடத்தில் என் கையால் செய்த ஒன்று நின்றால் அந்தக் கேள்வி நிற்கும். அதற்காகவாவது இதைச் செய்வேன்.

அடுப்பாக வெட்ட ஒரு பரல், பெரிய எண்ணெய்ப் பீப்பாய், தேடி நேற்றுப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். நல்ல தடித்த பரல், சும்மா கொண்டுபோ என்கிற மாதிரி விலை. மூடியைத் திறந்து மணந்தேன். களைநாசினி. கடைக்காரர், "கழுவினாப் போகும் தங்கச்சி" என்றார். அதில் கோழி சுட்டால் தின்றவர்களையும் கழுவத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேங்காய் எண்ணெய் வந்த இரும்புப் பரல் ஒன்று தர்மபுரத்துப் பேக்கரியில் இருக்கிறதாம். நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

கால்களுக்கு எங்கள் பழைய கட்டிலின் இரும்புச் சட்டம் இருக்கிறது. கட்டிலை அப்பா துருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், இனி எனக்குத் தருவார். அடியில் அகலமான தகடு ஒட்டினால் மணலில் புதையாது. மூடி வேண்டாம். கோழி நெருப்பில் வேகுவது தெரிந்தால்தான் போகிறவன் நிற்பான். வெப்பமானி உன் மச்சாளுக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்கட்டும்.

ரஜிதா

தண்ணீரூற்று,
24.07.2024

அன்பின் ரஜி,

உன் கடிதத்தைக் குசினிப் பின்பக்கம் நின்று வாசித்துச் சிரித்ததில் மாமி எட்டிப் பார்த்தா. மிளகாய்த்தூள் மூக்கில் ஏறிவிட்டது என்றேன்.

என்ன விற்பது என்று யோசித்து வைத்திருக்கிறேன். கோழி முக்கியம். சோளன், பாரை மீன். மாட்டிறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டிக் குச்சியில் கோத்துச் சுட்டால் எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்று இவர் சொல்கிறார். கொழும்பில் அப்படித்தானாம். அதையும் போடுவோம்.

மசாலாவை மூன்று விதமாக அரைத்துப் பார்த்தேன். மாமிக்குக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் தட்டை வழித்தா. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

அடுப்பு எப்போது வரும் என்று மட்டும் எழுது. றுக்ஷானா ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அந்தச் சில்லு வைத்த அடுப்பு முடிந்துவிடப் போகிறது என்று சொல்கிறாள். லவுட்ஸ்பீக்கரில்.

பரீனா

விசுவமடு,
01.08.2024

பரீ,

முடிந்துவிட்டது. என் கையை நானே முத்தமிடலாம் போலிருக்கிறது, கரி இல்லாவிட்டால்.

பரலுக்குள் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் இரும்பு வெட்டும் கிரைண்டரை வைத்தேன். எண்ணெய் வந்த பரலைச் சும்மா வெட்டினால் உள்ளே நிற்கும் ஆவி பிடித்து வெடிக்கும் என்று மாஸ்ரர் சொன்னது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது அடுத்த அறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாய். நெடுக்காக வெட்டியதும் தொட்டி மாதிரி இரண்டு பாதி வந்தது. ஒன்றுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டு எரித்துப் பெயின்ற் முழுவதையும் உரித்தேன். காற்றுப் போகப் பக்கங்களில் துளை வைத்தேன். கரி போடுவதற்கு முன் அடியில் மணல் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் தகடு ஓட்டையாகும். மணல் கடற்கரையில் உனக்கு இல்லாமலா?

கோழி வைத்துச் சுடும் தட்டுக்குத்தான் அலைந்தேன். கடையில் இருப்பதெல்லாம் துத்தநாகம் பூசிய கம்பி வலை. அதைச் சூடாக்கினால் வருகிற புகை நஞ்சு. பிறகு அப்பாவின் வயல் கொட்டிலில் ஒரு கம்பித் தட்டு கிடந்தது. நல்ல கறுத்த இரும்பு, என் சின்ன விரல் மொத்தம், ஒரு கம்பி வளையவில்லை. அப்பா சும்மா தருவாரா? பரலின் மற்றப் பாதியைப் பசுவுக்குத் தண்ணீர்த் தொட்டியாகத் தந்தால் தட்டைத் தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டு எடுத்தேன். ஊதுலையில் செந்தணலாகச் சிவக்கும் மட்டும் காய்ச்சி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, மறுபடி காய்ச்சினேன். இனி அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை அப்பா முள்ளியவளையில் அத்தை வீட்டுக்கு வைக்கோல் கொண்டுபோகிறார். லான்ட்மாஸ்ரர் உழவு யந்திரத்தின் பெட்டியில் அடுப்பும் வரும். எனக்கு அன்றைக்கு ஒரு கதவு வேலை இருக்கிறது. நெருப்பு வைத்துப் பார்த்துவிட்டு மாமி என்ன சொன்னா என்று எழுது.

மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தாய். சரி. உன் கடை.

ரஜிதா

தண்ணீரூற்று,
04.08.2024

ரஜிதாவுக்கு,

அடுப்பு திரும்பி வருகிறது. இவர் அதை உன் அத்தை வீட்டில் இறக்கிவிட்டு வருவார். உன் அப்பா திரும்பும்போது கொண்டுவருவார். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. அவரோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை, அதையும் சொல்லிவிடு.

நேற்று என்ன நடந்தது என்று அவர் உன்னிடம் சொன்னாரோ தெரியாது. சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்றே அவர் நினைத்திருப்பார். அடுப்பை இறக்கி முற்றத்தில் வைத்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். றுக்ஷானாவும் வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டில் கையை வைத்து அழுத்தி, இது பாரம் தாங்குமா என்று உன் அப்பாவிடம் கேட்டா. உன் அப்பா பெருமையோடு சொன்னார்:

"என்னம்மா கேக்கிறீங்கள்? முழுப் பண்டியையே தாங்கின தட்டு. வயலுக்க வாற பண்டியை இவ்வளவு காலமும் இதில போட்டுத்தான் வாட்டுறனாங்கள்."

மாமி கையை எடுத்தா. கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, உன் அப்பாவுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. அவர் குடித்துவிட்டு, "நல்ல சாயம் மகள்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் மாமி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இவர் இரவே போய் மௌலவியிடம் கேட்டார். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவ வேண்டும், பிறகு பாவிக்கலாம் என்றார். மார்க்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் மாமி ஒன்று கேட்டா. "இரும்பக் கழுவலாம். மறைச்சதக் கழுவ ஏலுமா?"

நீ ஆறு மாதம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். நான் எதைத் தின்பேன், எதைத் தொடமாட்டேன் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. களைநாசினிப் பரலை மணந்து பார்த்துத் தள்ளத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போனதா? ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே. சிரித்துச் சிரித்து எழுதிய கடிதத்தில் அதற்கு மட்டும் இடம் இல்லையா?

வவுனியாவிலிருந்து அந்தச் சில்லு வைத்த அடுப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். எனக்கு இனி எழுத வேண்டாம்.

பரீனா

விசுவமடு,
07.08.2024

பரீனா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். வாசிக்காவிட்டால் அடுப்பில் போடு, சில்லு வைத்த அடுப்பில்.

அந்தத் தட்டை நான் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினேன். அந்தச் சூட்டில் இரும்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. கொழுப்பு இருக்காது, மணம் இருக்காது, எதுவும் இருக்காது. நான் படித்தது அதுதான். நெருப்புக்கு மேல் ஒரு சுத்தம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உனக்கு நஞ்சு கொடுத்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய். வாசித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது.

அப்பாவோடு மூன்று நாளாகக் கதைக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இறக்கிவிட்டு வந்திருந்தால் ஒன்றும் நடந்திராது. ஏன் சொன்னீங்கள் என்று கேட்டால், "கேட்டாங்கள், சொன்னன். பொய் சொல்லச் சொல்லுறியோ?" என்கிறார். அடுப்பை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு அதைச் சுற்றி நடக்கிறார். ஊர்ச் சனம் வந்து, "ஏன் திரும்பி வந்தது, ஒட்டு விட்டுட்டுதோ?" என்று கேட்கிறது. ஓம் விட்டுவிட்டது என்று சொல்ல வேண்டியதுதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாட்டிறைச்சி போடுவோம் என்று எழுதினாயே, என்னைக் கேட்டாயா? அந்தக் கடையில் பாதி என்னுடையது என்றாய். விடுதியில் ஆறு மாதமும் நான் மாட்டிறைச்சிக் கறி வைத்த சட்டிப் பக்கம் போகவில்லை என்பது உனக்கும் தெரியும். என் அப்பா தன் பசுவுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிற மனுசன். அவருடைய மகள் நின்று மாடு சுட வேண்டும் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் றுக்ஷானாவைப் பற்றி எழுதினாய். நான் வாயைத் திறக்கவில்லை. உன் கடை என்று விட்டுவிட்டேன். எனக்கு மட்டும்தான் கேட்கும் கடமையா?

ரஜிதா

தண்ணீரூற்று,
11.08.2024

ரஜி,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மடித்து வைத்து, எடுத்து வாசித்து, மறுபடி மடித்து வைத்தேன்.

மாட்டிறைச்சி விசயத்தில் நீ சொன்னது சரி. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை, அதுதான் எனக்கு வெட்கம். நீ தட்டைப் பற்றி நினைத்தது போலத்தான் நானும் நினைத்திருக்கிறேன். எனக்குச் சரியாக இருப்பது உனக்கும் சரி என்று. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் உன் அப்பாவைக் கோபிக்காதே. யோசித்துப் பார். அவர் வாயைத் திறந்திராவிட்டால் 18ஆம் திகதி அந்தத் தட்டில் கோழி வைத்து, பிஸ்மி சொல்லி, நூறு பேருக்குக் கொடுத்திருப்பேன். பிறகு ஒரு நாள் எப்படியும் வெளியில் வந்திருக்கும். அன்றைக்கு என் இடமும் போயிருக்கும், பெயரும் போயிருக்கும், நீயும் நானும் ஒரு பஸ்ஸில் ஏற முடியாமல் போயிருக்கும். இந்தக் கதையில் எனக்கு நன்மை செய்த ஒரே ஆள் அவர்தான். அவரோடு கதை.

இனி அந்தச் சில்லு அடுப்பின் கதை. வெள்ளிக்கிழமை வந்தது. தகரம் சோடாப் பேணி மாதிரி மெல்லிசு. இவர் கடற்கரைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். சில்லு மணலில் இறங்கி ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்த்தி நெருப்பு மூட்டினால், கடல் காற்றுக்கு மூடி படபடவென்று அடித்து, கரி முழுவதும் மணலில் கொட்டியது. ஒரு மணித்தியாலத்தில் அடித்தகடு நெளிந்துவிட்டது. இவர் கட்டிக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் வைத்தார். றுக்ஷானா இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.

நேற்று மாமி வந்து என் பக்கத்தில் இருந்தா. அந்தப் புள்ள என்ன எழுதியிருக்கு என்று கேட்டா. உனக்குத் தெரியும், மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சில்லு வைத்த அடுப்பில் போடு என்ற இடத்தையும் விடவில்லை. பிறகு மாமி கேட்டா: "பரல வெட்டினா ரெண்டு வருமே. மத்தப் பாதி எங்க?"

பசுவுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள் என்றேன். அதில் வேறு என்னென்ன பட்டது என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னா. எல்லாவற்றையும் எழுது, ரஜி. இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது.

பரீனா

விசுவமடு,
12.08.2024

பரீ,

சுஜிதன் கடிதத்தைத் தந்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் பதில் வேண்டும் என்று நிற்கிறான். அவனுக்கும் விசயம் தெரியும் போலிருக்கிறது.

உன் மாமி கேட்டதற்கு அப்பாவை வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். மற்றப் பாதி வெட்டிய நாளிலிருந்து கிணற்றடியில்தான் இருக்கிறது. பசு அதில் குடிக்கிறது. கோழி விளிம்பில் ஏறி நிற்கிறது, எச்சமும் போடுகிறது. அப்பா வயலால் வந்து அதற்குள் கால் கழுவுகிறார், இல்லை என்று சொன்னாலும் நான் கண்டிருக்கிறேன். பன்றி இறைச்சி அதில் படவில்லை. வாட்டுவதெல்லாம் வயல் கொட்டிலில்தான், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

இத்தோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. எங்கள் நாயும் அதில் தண்ணீர் குடிக்கிறது. உங்கள் வீடுகளில் நாயை உள்ளே விடமாட்டீர்கள் என்று தெரியும், பாத்திரத்துக்கு என்ன முறை என்று தெரியாது. ஒருவேளை இதை எழுதியதால் மற்றப் பாதியும் போகலாம். நன்றாகக் கழுவி அனுப்பினால் உங்களுக்குத் தெரியவும் போவதில்லை. அப்படி ஒரு தரம் நினைத்துப் பட்டது போதும்.

வேண்டும் என்றால் சொல். பெயின்ற் எரித்து, துளை போட்டு, கால் ஒட்ட எனக்கு இரண்டு நாள் போதும். தட்டுக்குப் புதுக் கம்பி வாங்கி ஒட்டுகிறேன், பில் தருகிறேன். வேண்டாம் என்றாலும் சொல், கோபிக்கமாட்டேன். கேட்டதற்கு நன்றி என்று மாமியிடம் சொல்.

அப்பாவோடு கதைத்துவிட்டேன். முதலில் அவர் கேட்டது, பசு எதில் குடிக்கும் என்று.

ரஜிதா

தண்ணீரூற்று,
13.08.2024

அன்பின் ரஜி,

நாய்க்கும் அதே கணக்குத்தான். ஏழு தரம், அதில் ஒன்று மண்ணால்.

உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டும்போது நாய் வந்த இடத்தில் நான் தடக்கினேன். விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு வாசித்தேன். மாமி எழும்பிப் போனா. போச்சு என்று இருந்துவிட்டேன். பார்த்தால் கிணற்றடிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்று நல்ல மண்ணாகப் பார்த்துக் கொத்திக் குவிக்கிறா. நான் போய் நின்றதும், "கொண்டு வரச் சொல்லு, கழுவுவம்" என்றா. பன்றி பட்ட அடுப்பை ஏழு தரம் கழுவ மனம் வராத மாமி இதற்கு ஏன் சம்மதித்தா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும்.

இன்னொன்று. மாட்டிறைச்சி போடுவதில்லை. இவர் முணுமுணுத்தார். உன் அப்பா தன் பசுவின் தண்ணீர்த் தொட்டியை எடுத்துத் தருகிறார், அதற்கு மேல் மாட்டை வைத்துச் சுட எனக்கு மனம் வராது என்றேன். அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை.

சீக்கிரம் செய். நீயும் வா.

பரீனா

விசுவமடு,
16.08.2024

பரீ,

அப்பாவோடு அடுப்பு வருகிறது. தட்டு தனியாகச் சாக்கில் சுற்றியிருக்கிறது. கம்பி வாங்கிய பில் சாக்குக்குள் இருக்கிறது. இரவிரவாக ஒட்டியதில் கண் எரிகிறது, ஆனால் ஒட்டு ஒன்றும் சறுக்கவில்லை. கால்களுக்குக் கட்டிலின் மிச்சச் சட்டம். இந்த முறை தகடு இன்னும் அகலம்.

உங்களிடமிருந்து திரும்பி வந்த பாதியைப் பசுவுக்கு வைத்திருக்கிறோம். கால்களை வெட்டாமல் அப்படியே விட்டு, துளைகளை மட்டும் அடைத்தேன். இடுப்பளவு உயரத்தில் நின்றபடி குடிக்கிறது, ஏதோ ஹோட்டலுக்கு வந்தது மாதிரி. பன்றித் தட்டு கொட்டிலுக்குத் திரும்பப் போய்விட்டது.

நான் வரவில்லை. உன் மாமியின் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. அப்பா முள்ளியவளையில் நின்று ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு வருவார், பாரம் தூக்க உதவியாக இருக்கும். அவர் வாய்க்கு நான் பொறுப்பில்லை.

ரஜிதா

தண்ணீரூற்று,
19.08.2024

அன்பின் ரஜி,

கடை திறந்தோம். கோழி மிஞ்சவில்லை, மீன் மிஞ்சவில்லை, சோளன் மட்டும் கொஞ்சம் மிஞ்சி இன்று காலை நாங்கள் தின்றோம். கடல் காற்று நேற்றுப் பேயாக அடித்தது. பக்கத்துக் கடைக்காரர்களின் அடுப்பெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. உன் மறைப்புக்குப் பின்னால் எங்கள் கரி அசையவில்லை. கால் ஒரு விரலளவுகூட மணலில் இறங்கவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மாமி அடுப்பைத் தன் கையால் கழுவினா. நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். மண் போட்டு உரஞ்சியபோது என்னை விடவில்லை. உன் தட்டைச் சாக்கிலிருந்து எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, புதுசுதானே, இதுக்குக் கழுவல் வேணாம் என்றா. பில்லை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

இனி உன் அப்பாவின் கதை. கரி மூட்டியதிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். முதல் ஆள் வந்து நின்றதும், யாரும் கேட்காமலே தொடங்கினார்:

"இது என்ர பசு தண்ணி குடிச்ச பரல். வேற ஒண்டும் படேல்ல. நாய் குடிச்சது, அதுக்கு இந்த அம்மா மண் போட்டு ஏழு தரம் கழுவிப்போட்டா. தட்டு புதுசு, என்ர மகள் ஒட்டினது."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நிறுத்துங்கோ ஐயா என்று கையைக் காட்டினேன். அவர் கண்டால்தானே. அடுத்த ஆளுக்கும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஆளுக்கும். பள்ளிவாசலால் வந்த ஒரு வயதானவர் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கும் கடையை நான் காணவில்லை என்று சிரித்து, வீட்டுக்கும் சேர்த்துக் கட்டித் தரச் சொன்னார். கோயிலுக்குப் போய்வந்த ஒரு குடும்பம், மாடும் சுடுகிறீர்களோ என்று தயங்கிக் கேட்டது. பசு குடிச்ச பரலில மாடோ என்று உன் அப்பா அவர்களை ஏசிவிட்டார். அவர்களும் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவரை என்ன செய்வது என்று மாமியிடம் கேட்டேன். மாமி சொன்னா: "அந்த மனுசன ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல்லு. வியாபாரத்துக்கு அவர்தான் வேணும்."

பிறகு படுக்கப் போனவ திரும்பி வந்து கேட்டா, அந்தப் புள்ள ஏன் வரல்ல என்று. உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு உன்னைக் கட்டாயம் வரச் சொன்னா. எங்கள் கேற்று துருப்பிடித்து ஒரு பக்கம் தொங்குகிறது, அதற்கு அளவும் எடுக்க வேண்டுமாம். ஆம்பிளைகள் யாரும் கூட நிற்பார்களா என்று மாமி கேட்கவில்லை. நான் காத்திருந்தேன், கேட்கவே இல்லை.

கேற்றுக்கு இரும்பு எங்கே எடுப்பாய், முன்பு அது என்னவாக இருந்தது, எல்லாவற்றையும் எழுது. போன் திருத்தியாகிவிட்டது, இப்போது காதில் வைத்தே கதைக்கலாம். ஆனாலும் எழுது. மாமி ஒவ்வொரு நாளும் பின்னேரம் என் பக்கத்தில் வந்து இருந்து, உன்னிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கிறா.

பரீனா